ஏகாம்பரகுப்பத்துத் தறிக்கொட்டகையில் 512 குட்டிச் செயலிகள்

எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம், நகரிக்குப் பக்கம். திருத்தணியில் ரயில் ஏறி, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற அந்த நீளமான பெயர்ப்பலகையைத் தாண்டினால் சற்று நேரத்தில் வந்துவிடும். ஆந்திராதான். ஆனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக்கொட்டகையில் இரண்டும் கலந்து. பெரியப்பா அங்கே எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். எனக்குச் சென்னையில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்து, ஞாயிறு பூராவும் கொட்டகை மூலையில், தார் (தறிக்குக் குறுக்கு நூல் தரும் சின்ன உருளை) சுற்றும் எந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஏழு மாதம் ஆனது.

செய்தது இதுதான்: டாங் நானோ 9கே என்ற சின்ன எஃப்.பி.ஜி.ஏ பலகையில் (உள்ளே இருக்கும் மின்சுற்றை நாமே வேண்டியபடி மாற்றிக் கட்டிக்கொள்ளக்கூடிய சில்லு வைத்த பலகை), ஒரு பிட் மட்டுமே கையாளும் 512 குட்டிச் செயலிகளை வரிசையாக நிறுத்தி, 512-க்கு 512 கட்டம் கொண்ட 'லைஃப்' ஆட்டத்தை வினாடிக்கு ஏறக்குறைய 49,000 தலைமுறை ஓட வைத்தேன். பழைய டிவியில் படமும் தெரிகிறது.

ஏன் இதில் இறங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் ஜி.பி.யு, அதாவது நிறையக் கணக்குகளை இணையாகப் போடும் கிராஃபிக்ஸ் சில்லு, வைத்து வேலை செய்கிறோம். என்விடியா ஜி.பி.யுவில் 32 இழைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும். அந்தக் கூட்டத்துக்கு 'வார்ப்' என்று பெயர். தறிக்காரர் பாஷையில் அது பாவு, அதாவது தறியில் நெடுக்க ஓடும் நூல்கள். தற்செயலாக வந்த பெயர் இல்லை. நெசவிலிருந்துதான் எடுத்தோம், இழைகளை இணையாக ஓட்டிய முதல் தொழில்நுட்பம் அதுதான் என்று என்விடியாவின் 'கூடா' நிரலாக்கக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாவு ஓட்டும் வீட்டில் பிறந்துவிட்டு, சில்லுக்குள் பாவு எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஜி.பி.யுவைத் திறந்து பார்க்க முடியாது. எஃப்.பி.ஜி.ஏவில் நானே கட்டிப் பார்க்கலாம்.

லைஃப் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜான் கான்வே உருவாக்கி, 1970-ல் உலகுக்குத் தெரியவந்த ஆட்டம். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும் அல்லது செத்திருக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மூன்று உயிரோடு இருந்தால் அடுத்த தலைமுறையில் இது உயிர் பெறும். இரண்டு இருந்தால் இருந்தபடியே இருக்கும். மற்றபடி சாவு. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே விதி, ஒரே நேரம், ஒரு பிட் தரவு. அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்தைத் தவிர வேறு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி ஒரு பிட் செயலிகளைக் கூட்டமாக நிறுத்துவது பழைய யோசனை. குட்இயர் டயர் நிறுவனத்தின் விண்வெளிப் பிரிவு 1983-ல் நாசாவின் காடார்ட் மையத்துக்குக் கொடுத்த எம்.பி.பி என்ற எந்திரத்தில் 128-க்கு 128, அதாவது 16,384 ஒரு பிட் செயலிகள் இருந்தன. செயற்கைக்கோள் படங்களை அலசுவதற்காகக் கட்டியது. அதற்குப் பிறகு டேனி ஹில்லிஸ் குழுவின் கனெக்‌ஷன் மெஷினில் 65,536. ஒரு சில்லுக்கு 16 செயலி வீதம் 4,096 சில்லுகள். அந்தச் சில்லுகளை 12 பரிமாணக் கனசதுரமாக ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். எந்தச் செயலியும் எந்தச் செயலியோடும் பேசலாம் என்பதற்காக அவ்வளவு பாடு. செய்தி கடத்தும் அந்த ரௌட்டரின் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் ரிச்சர்ட் ஃபெய்ன்மனும் ஒருவர். நம் நாட்டில் 1991-ல் புனேயின் சி-டாக் கொண்டுவந்த பரம் 8000 வேறு வழி. அது டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளால் ஆனது. ஒவ்வொன்றும் முழுக் கணினி, அண்டைச் சில்லுகளோடு பேச நான்கு இணைப்பு. என் வேலைக்கு ரௌட்டரும் வேண்டாம், இணைப்பும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் போகும் கம்பி இருந்தால் போதும்.

பலகையின் கணக்கு: கோவின் நிறுவனத்தின் சில்லு. உள்ளே 8,640 லட், 6,480 ஃபிளிப்ஃபிளாப், 26 பிளாக் ராம். லட் என்றால் நான்கு கம்பி உள்ளே போய் ஒரு கம்பி வெளியே வரும் அட்டவணை, 16 வரி. எந்த லாஜிக்கையும் அதில் நிரப்பலாம். ஃபிளிப்ஃபிளாப் ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும். பிளாக் ராம் சில்லுக்குள்ளேயே இருக்கும் மெமரித் துண்டு. யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர், அபிகுலா என்ற திறமூலக் கருவிகள் நாம் எழுதும் வடிவத்தை இந்தச் சில்லுக்குள் பொருத்தித் தருகின்றன. உரிமம் தேட வேண்டியதில்லை, பழைய மடிக்கணினி போதும்.

முதல் முயற்சியில் ஒரு கட்டத்துக்கு ஒரு செயலி வைத்தேன். மின்சுற்றை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியில் நேரே எழுதினேன்: எட்டு அண்டைகளைக் கூட்டு, மூன்றா என்று பார், இரண்டா என்று பார். கருவி அதை ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய இருபது லட்டாக விரித்தது. 16-க்கு 16 கட்டத்துக்கே சில்லு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. எனக்கு ஆசை 32-க்கு 32. எனவே பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. முழுக்கூட்டி என்பது மூன்று பிட்டை வாங்கி, கூட்டல் பிட் ஒன்று, அடுத்த இலக்கத்துக்குப் போகும் கேரி பிட் ஒன்று என இரண்டைத் தரும். ஆக 2 லட். எட்டு அண்டைகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரித்துக் கூட்டினால் 6 லட். வந்த மூன்று கூட்டல் பிட்டுகளை மறுபடி கூட்ட இன்னொரு 2. இப்போது கையில் நான்கு கேரி இருக்கும். நான்கில் சரியாக ஒன்று மட்டும் 1 என்றால் மொத்தம் இரண்டு அல்லது மூன்று என்று அர்த்தம். அதற்கு 1 லட், கடைசி முடிவுக்கு 1 லட். மொத்தம் 10. இருபது பத்தாகிவிட்டது. ஆனால் 1,024 கட்டத்துக்கு 10,240 வேண்டும், இருப்பதோ 8,640.

இன்னொரு ஞாயிறு போனது. அப்புறம் தெரிந்தது: ஒவ்வொருவரும் எட்டு அண்டைகளையும் தனித்தனியாகக் கூட்டுவது வீண் உழைப்பு. நெடுவரியாகப் பார்த்தால், எனக்கு மேலே உள்ளவன், நான், எனக்குக் கீழே உள்ளவன், இந்த மூவரின் கூட்டல் எனக்கும் வேண்டும், என் இடப்பக்கத்தானுக்கும் வலப்பக்கத்தானுக்கும் வேண்டும். நான் ஒரு தடவை போட்டு வைத்தால் மூன்று பேரும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு 2 லட். மூன்று நெடுவரிகளின் கூட்டல் பிட்டுகளையும் சேர்க்க 2 லட். நான்கு கேரியில் சரியாக ஒன்றா என்பதற்கு 1, சரியாக இரண்டா என்பதற்கு 1, முடிவுக்கு 1. ஆக மொத்தம் 7. இதில் என்னையும் சேர்த்து ஒன்பது கட்டத்தைக் கூட்டுகிறோம், அதனால் விதியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும்: ஒன்பதின் கூட்டல் மூன்று என்றால் உயிர், நான்கு என்றால், ஏற்கெனவே உயிரோடு இருந்தால் மட்டும் உயிர், மற்றதெல்லாம் சாவு. ஒரு கையில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

1,024-ஐ 7-ஆல் பெருக்கினால் 7,168. சில்லில் 83 சதவீதம். உட்காரும் என்று நினைத்தேன்.

உட்காரவில்லை. தொடக்கப் படத்தைச் செயலிகளுக்குள் ஏற்ற ஒரு வழி வேண்டுமே. ஒவ்வொரு கட்டமும் 'கணக்கின் விடையை எடுக்கவா, பக்கத்திலிருந்து வரும் பிட்டை எடுக்கவா' என்று தேர்வு செய்ய இன்னொரு லட் கேட்டது. ஆக 8, மொத்தம் 8,192, அதாவது 95 சதவீதம். டிவி கட்டுப்பாட்டுக்கு இடமே இல்லை. அதை நீக்கிவிட்டு ஓட்டியும், நெக்ஸ்ட்பிஎன்ஆர் ஐந்து மணி நேரம் கம்பி வழி தேடிவிட்டுக் கைவிட்டது. சில்லில் லட் மீதம் இருந்தாலும், அவற்றுக்குக் கம்பி கொண்டு போக வழி தீர்ந்துவிடும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

28-க்கு 28 எனக் குறைத்தேன். 784 செயலிகள். வழி கிடைத்தது, ஓடியது. 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு தலைமுறை, வினாடிக்கு 2 கோடியே 70 லட்சம் தலைமுறை. கட்டக் கணக்கில் வினாடிக்கு 2,100 கோடி புதுப்பிப்புகள். எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் டிவியில் ஓர் உள்ளங்கை அளவுப் படம். கிளைடர் என்று லைஃபில் தானே சாய்வாக நகர்ந்து போகும் ஒரு சின்ன வடிவம் உண்டு. அது நாலு எட்டு வைப்பதற்குள் விளிம்பு வந்துவிடும். அவ்வளவு வேகத்தில் ஓடி என்ன பார்ப்பது?

இந்த இடத்தில்தான் கொட்டகை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெரியம்மா பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டுத் தறிக்கும் அவர் ஒருத்தர்தான். அன்று அவருக்குக் காய்ச்சல், கை மெதுவாக ஓடியது. மதியத்துக்குள் மூன்று தறி ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், இல்லாமல் நின்றது. தறியில் பழுதில்லை, ஆள் இருக்கிறார், மின்சாரம் இருக்கிறது. நூல் வரவில்லை. நான் இத்தனை வாரமும் தறியை அதிகமாக்குவதிலேயே குறியாக இருந்தேன். நூல் எங்கே வைத்திருக்கிறோம், எத்தனை இழை ஒரே நேரத்தில் வந்து சேரும் என்று யோசிக்கவே இல்லை.

சில்லில் 26 பிளாக் ராம் சும்மா கிடந்தது. ஒவ்வொன்றையும் 512 ஆழம், 32 பிட் அகலம் என அமைக்கலாம். பதினாறைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 512 பிட் அகலம், 512 வரி ஆழம். 2,62,144 பிட், ஒன்று கூட வீணாகாமல் 512-க்கு 512 உலகம் உள்ளே உட்காரும். ஒரே துடிப்பில் ஒரு முழுக் கிடைவரி, 512 பிட், வெளியே வரும். செயலிகள் 512 போதும். ஒரு வரியைக் கணக்கிட்டு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது. நெய்வது போலவே, ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஊடை.

கணக்கு: 512 செயலிக்கு 3,584 லட். மேல் வரி, நடு வரி, கீழ் வரி என மூன்று வரிகளைப் பிடித்து வைக்க 1,536 ஃபிளிப்ஃபிளாப். செயலி எண்ணிக்கை முன்பு ஆசைப்பட்டதில் பாதி. உலகமோ 256 மடங்கு பெரிது. இதே உலகத்தை வெளி மெமரியில் வைத்திருந்தால் விரல் விட்டு எண்ணும் கம்பிகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்திருக்கும். 512 செயலிகளும் பெரும்பாலான நேரம் சும்மா நின்றிருக்கும். எம்.பி.பியிலும் கனெக்‌ஷன் மெஷினிலும் ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்திலேயே தனி மெமரி வைத்தது இதற்காகத்தான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போதைய ஜி.பி.யுக்களில் அகலமான மெமரியைச் சில்லுக்கு ஒட்டியே வைக்கப் பாடுபடுவதும் அதற்காகத்தான்.

எழுதிக் கருவியில் போட்டதும் பிழை: 32 பிளாக் ராம் வேண்டும், இருப்பது 26. எங்கே இரட்டிப்பானது? டிவிக்குப் படம் காட்ட ஒரு வாசல், கணக்குக்கு ஒரு வாசல் என்று இரண்டு இடத்தில் படிக்கும்படி எழுதியிருந்தேன். இந்தச் சில்லின் ராமில் 32 பிட் அகலம் வேண்டுமென்றால் படிக்க ஒரு வாசல், எழுத ஒரு வாசல், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் படித்தால் கருவி பேசாமல் இன்னொரு நகல் எடுத்துவிடும். தீர்வு எளிது. ஒரே துடிப்பில் முழு வரியும் வருவதால், டிவியின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கணக்கை ஒரே ஒரு துடிப்பு நிறுத்தி, அந்த வரியை 512 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (பிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் வரிசை) ஏற்றிவிட்டு, மறுபடி கணக்கை ஓட விடலாம். 640-க்கு 480 படம், வினாடிக்கு 60 முறை. 480-ஐ 60-ஆல் பெருக்கினால் 28,800 துடிப்பு. வினாடிக்கு 2 கோடியே 52 லட்சம் துடிப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. தெரியவே தெரியாது.

அந்த 2 கோடியே 52 லட்சம் எங்கிருந்து வந்தது என்றால், பலகையின் 27 மெகாஹெர்ட்ஸை, கடிகார வேகத்தை மாற்றும் பி.எல்.எல் மூலம் 14-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 126 மெகாஹெர்ட்ஸ், அதில் ஐந்தில் ஒன்று 25.2. எச்.டி.எம்.ஐ படத்துக்கு அந்த இரண்டும்தான் வேண்டும். செயலிகளையும் அதே 25.2-ல் ஓட்டிவிட்டேன். இரண்டு கடிகாரம் வைத்து அவற்றுக்கு இடையில் தரவு கடத்தும் தலைவலி வேண்டாம் என்று முடிவு செய்தேன். 25.2 மெகாஹெர்ட்ஸை 512-ஆல் வகுத்தால் வினாடிக்கு 49 ஆயிரத்துச் சொச்சம் தலைமுறை. டிவியில் அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில் உலகம் 800 தலைமுறைக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனால் ஒரு பொத்தானில் 'படத்துக்கு ஒரு தலைமுறை' என்ற நிதான நடையையும் வைத்தேன். கண்ணால் பார்த்துப் பிழை பிடித்ததெல்லாம் அந்த நடையில்தான். இதே பலகையில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பொத்தான்களும் எல்.இ.டிகளும் சில்லின் 1.8 வோல்ட் கால்களின் தொகுதியில் (பேங்க்) இருக்கின்றன, 3.3 என்று எழுதிவிடாதீர்கள்.

மாசி மாத அமாவாசையன்று முதல் படம் வந்தது. அமாவாசைக்கு எங்கள் கொட்டகையில் தறி ஓடாது, அதனால் சத்தமில்லாமல் உட்கார முடிந்தது. மடிக்கணினியிலிருந்து யூஆர்ட் என்ற தொடர் இணைப்பு வழியாகக் கண்டபடி புள்ளிகளைத் தூவி ஓட்டினேன். புள்ளிகள் கொதித்து, அடங்கி, அங்கங்கே சதுரமும், படுத்தும் நின்றும் மாறும் மூன்று புள்ளிப் பிளிங்கருமாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் சரியென்றே நினைத்தேன்.

பெரியப்பா வந்து டிவி முன்னால் நின்றார். இரண்டு நிமிடம் பேசவில்லை. அப்புறம் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இங்க பாருடா. நேரா ஒரே எடத்துல தப்பு வந்துகினே இருக்குது. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. எடைவெளி எல்லாம் ஒரே அளவு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே பெரியப்பா."

"சேலையில நெடுக்க ஒரே எடத்துல தப்பு வந்தா அது பாவுல இருக்குது, இல்ல அச்சுல இழை மாத்திக் கோத்திருக்குது. குறுக்க வந்தா ஊடையில இருக்குது. இது அச்சுத் தப்பு. அச்சைப் பாரு."

அச்சு என்பது பாவு இழைகளைப் பிரித்து வரிசையாகப் பிடிக்கும் சீப்பு. கண்ணை அரை மூடலாக வைத்துப் பார்த்தேன். மங்கலான செங்குத்துக் கோடுகள் தெரிந்தன; அந்த இடங்களில் நான்கு புள்ளிச் சதுரங்கள் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்திருந்தன. எண்ணினேன். பதினைந்து கோடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 32 நெடுவரி. பிளாக் ராமின் அகலம் 32. ஒரு கிளைடரை மட்டும் விட்டுப் பார்த்தேன். சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, 31-க்கும் 32-க்கும் நடுவில் மோதி நான்கு புள்ளிச் சதுரமாக உறைந்துவிட்டது. சுவரில் மோதும் கிளைடர் அப்படித்தான் உறையும்.

வெரிலாக்கில் 16 தொகுதிகளாகச் சுற்றி எழுதிய இடத்தில், தொகுதியின் ஓரக் கட்டத்துக்குப் பக்கத்துத் தொகுதியின் கம்பியைக் கொடுக்காமல் பூஜ்யத்தைக் கொடுத்திருந்தேன். உலகம் 16 கீற்றாகக் கிழிந்து கிடந்தது. ஒரு வரி மாற்றம். கிளைடர் அப்புறம் தடையில்லாமல் நடந்தது. பெரியப்பா அது வலது விளிம்பில் மறைந்து இடது விளிம்பில் வரும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

நெடுக்கத் தப்பென்றால் கம்பி, குறுக்கத் தப்பென்றால் நேரம். இந்த எந்திரத்தில் நெடுவரி என்பது ஒரு செயலி, கிடைவரி என்பது ஒரு துடிப்பு. ஆகவே தறிக்காரரின் விதி அப்படியே பொருந்துகிறது. சிமுலேட்டரில் அலைவடிவங்களை மணிக்கணக்காகப் பார்த்தும் எனக்குக் கிடைக்காத வழி அது. அடுத்த பிழைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிழை வந்தது கடைசிச் சோதனையில். ஆர்-பென்டோமினோ என்ற ஐந்து புள்ளி வடிவம் உண்டு. ஐந்தே புள்ளி, ஆனால் 1,103-ஆம் தலைமுறையில்தான் அடங்கும். அப்போது சரியாக 116 புள்ளிகள் உயிரோடு இருக்கும். லைஃப் ஆடுபவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான எண். அதை மையத்தில் வைத்து, 1,103 தலைமுறை எண்ணி நிறுத்தி, முழு உலகத்தையும் யூஆர்ட்டில் இறக்கினேன். 32,768 பைட், 1,15,200 பாட் வேகத்தில் மூன்று வினாடிக்குள் வந்துவிடும். மடிக்கணினியில் எண்ணினால் 116 வரவில்லை.

படத்தைப் பார்த்தேன். நடுவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கிடைக்கோட்டில், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சிதறல். குறுக்கத் தப்பு, ஆகவே நேரம். ஆர்-பென்டோமினோ தன் முதல் கிளைடரை 69-ஆம் தலைமுறையில் அனுப்புகிறது. கிளைடர் நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் சாய்வாக நகரும். மிச்சம் 1,034 தலைமுறைக்கு 258 கட்டம். மையத்திலிருந்து விளிம்பு 256 தூரம். கடைசித் தருணத்தில் அது விளிம்பைத் தாண்டும்போதுதான் உடைந்திருக்கிறது.

காரணம் உடனே பிடிபட்டது. 511-ஆம் வரியைக் கணக்கிட அதற்கு அடுத்த வரி, அதாவது சுற்றி வந்து பூஜ்ய வரி வேண்டும். ஆனால் பூஜ்ய வரியில் அதற்குள் புதுத் தலைமுறையை எழுதிவிட்டேன். பழையதும் புதியதும் கலந்துவிட்டது. பழைய பூஜ்ய வரியைத் தனியாக 512 ஃபிளிப்ஃபிளாப்பில் எடுத்து வைத்து, கடைசி வரிக்கு அதைக் கொடுத்தேன். மறுபடி ஓட்டினேன்.

116.

மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் 116. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எண் புரியவில்லை என்றாலும் என் முகம் புரிந்தது. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

இறுதியில் சில்லில் நிரம்பியது 5,500 சொச்சம் லட், 16 பிளாக் ராம், 2,600-க்குப் பக்கமாக ஃபிளிப்ஃபிளாப். மூன்றில் ஒரு பங்கு லட் இன்னும் மீதம். யு.எஸ்.பி மின்சாரத்திலேயே ஓடுகிறது, தொட்டால் சூடு தெரியவில்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே ஏழு படிக் கூட்டலை 64 பிட் சொற்களில் எழுதினால் மடிக்கணினியும் சளைக்காமல் ஓடும். அதன் கடிகாரம் இந்தப் பலகையைப் போல நூறு மடங்கு. இங்கே எனக்குக் கிடைத்தது வேகப் பந்தயத்தின் வெற்றி இல்லை. 25 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு சின்னச் சில்லு, அகலமாக நின்றதால் மட்டும், எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் கையால் அளந்து பார்த்தேன்.

கொட்டகையில் எலெக்ட்ரானிக்ஸ் வைப்பவர்களுக்கு: பஞ்சுத் தூசி. ஒரு ஞாயிறு காலை டிவியில் படமே வரவில்லை. இரண்டு மணி நேரம் வெரிலாக்கைப் புரட்டினேன். எச்.டி.எம்.ஐ துளைக்குள் பஞ்சு அடைத்திருந்தது. இப்போது பலகை ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. கம்பி வெளியே வரும் இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன், வாரம் ஒரு முறை பிரஷ் போடுகிறேன். எட்டுத் தறியும் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி டிவி அணைந்து எரியும். பலகை மடிக்கணினியின் பேட்டரியில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது கையில் இருப்பது அடுத்த வேலை. எஃப்.பி.ஜி.ஏவை விட்டு, நிஜச் சிலிக்கானில் இதைப் போட முடியுமா என்று பார்க்கிறேன். 2020-ல் கூகுளும் ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்து விட்டார்கள். அதற்குப் பிறகு டைனி டேப்அவுட் போன்ற திட்டங்களில், ஒரே சில்லைப் பலர் 'ஓடு' (டைல்) என்ற சின்னக் கட்டங்களாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஓர் ஓடு ஏறக்குறைய 160-க்கு 100 மைக்ரான். தலைமுடி இரண்டை அருகருகே வைத்த அகலம்தான். சில்லு வடிவமைக்கும் ஓப்பன்லேன் கருவியில் என் பழைய வடிவத்தை, அதாவது கட்டத்துக்கு ஒரு செயலி என்ற முதல் வடிவத்தை, 8-க்கு 8 எனப் போட்டுப் பார்த்தேன். 64 செயலிகள் உட்கார்ந்தன. 1970-களின் பெருங்கணினியான இலியாக் 4-ல் கட்டி முடித்ததும் 64 செயலிகள்தான். அவை ஒவ்வொன்றும் 64 பிட் கணக்குப் போடும் பெரிய செயலிகள் என்பதால் ஒப்பிடக் கூடாது. ஆனால் எண் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உலகத்தைப் பெரிதாக்க இங்கே வழி இல்லை. பிளாக் ராம் என்று ஒன்று கிடையாது. ஒரு பிட் வேண்டுமென்றால் ஒரு ஃபிளிப்ஃபிளாப்; அதன் பரப்பு 20 சதுர மைக்ரான். 512-க்கு 512 உலகத்தை அப்படி வைத்தால் ஃபிளிப்ஃபிளாப்புகளுக்கு மட்டும் 5.2 சதுர மில்லிமீட்டர், முந்நூறு ஓடுகளுக்கு மேல். செயலி குறைந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது, அதற்கு நூல் வைக்கத்தான் இடம் இல்லை. ஓட்டுக்கு வெளியே போக எட்டுக் கம்பி உள்ளே, எட்டு வெளியே, எட்டு இரு பக்கமும். அந்த எட்டுக் கம்பியில் வெளி ராமிலிருந்து ஒரு துடிப்புக்கு எட்டு நெடுவரி வீதம் ஊட்டி, எட்டே செயலியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச ஓட்டில் மூன்று வரிகளின் துண்டுகளை மட்டும் பிடித்து வைத்தால் எத்தனை அகல உலகம் கிடைக்கும் என்பதைத்தான் இப்போது பேப்பரில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.